மூட்டை அடுக்கிய பக்கம்

நாணல்படுகையில் கரை உடையப்போகிறது என்றால் முதலில் வீரையனுக்குத்தான் ஆள் போகும். கொள்ளிடத்தில் வெள்ளம் கரையை நக்கிக்கொண்டு ஓடுகிற நாட்களில், எந்த இடத்தில் ஊறல் கண்டிருக்கிறது, எங்கே சவுக்குக் கட்டை அடிக்க வேண்டும், மணல் மூட்டையை எந்தச் சரிவில் அடுக்கினால் தண்ணீர் அதை உருட்டாது என்பதெல்லாம் அவருக்குக் கைப்பழக்கம். ஐம்பது தாண்டிய மனிதர். சொந்தத்தில் கொஞ்சமும் குத்தகைக்குக் கொஞ்சமுமாக நெல் வைக்கிறார். அதிகம் பேசமாட்டார். அவர் கையால் அடுக்கிய எந்தக் கரையும் இதுவரை வழி விட்டதில்லை, தண்ணீருக்கு.

முதலை அந்த ஊருக்குப் புதிதல்ல. அணைக்கரைக்கு மேலும் கீழும் ஆற்று மடுக்களில் கிடப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அது ஆற்றோடு, நாம் கரையோடு என்று ஒரு எழுதாத ஒப்பந்தம் இருந்தது. போன பங்குனியில் எருமை கழுவப் போன பக்கிரியின் கெண்டைக்கால் சதையை அது எடுத்துக்கொண்டு போனபோது அந்த ஒப்பந்தம் முடிந்தது. பக்கிரி, வீரையனின் மனைவி பூவம்மாளுக்குத் தம்பி. உயிர் பிழைத்து, நொண்டி நடந்து, அதை வைத்தே ஊரைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தான்.

அதன் பிறகுதான் படித்துறைக்கு வேலி வந்தது. கரைமேல் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ரெத்தினம்தான் வேலையைச் செய்தான். ஆற்றுக்குள் மூன்று பக்கமும் இரும்புத் தூண் நட்டு, ஆளுயரத்துக்குக் கம்பிவலை இழுத்துக் கட்டினான். நான்காவது பக்கம், இரண்டு ஓரமும் சுவர் வைத்த படிகள். மேல்படியில் நெஞ்சுயரத்துக்கு ஒரு கேட். நெடுக்குக் கம்பி வைத்தால் ஜெயில் மாதிரி இருக்கிறது என்று குறுக்குக் கம்பிகளாக வைத்து நீல வண்ணம் அடித்தான். ஊர்ப் பெண்கள் அந்தக் கூண்டுக்குள் குளித்தார்கள், துணி துவைத்தார்கள். முதலையைப் பற்றிப் பேசுவதுகூடக் குறைந்துபோயிற்று.

இந்த ஆடியில் கொள்ளிடம் வெறும் மணலாகக் கிடந்தது. ஆடிப்பெருக்குக்காக மேட்டூரில் திறந்த தண்ணீர் காவிரி வழியாக வந்து வாய்க்கால்களில் பாய்ந்துகொண்டிருந்தது. வீரையன் வீட்டுக் கொல்லையை ஒட்டிப் போகிற வாய்க்கால் கரை தொட்டு ஓடியது. கொள்ளிடத்துக்கு மட்டும் சொட்டுத் தண்ணீர் இல்லை. காவிரி உண்டு மிச்சம் வைத்தால்தான் அதற்குச் சாப்பாடு. படித்துறையில் கணுக்கால் அளவுக்குக் கலங்கல் நின்றது.

“வாய்க்கால்லேயே கும்பிட்டுக்கலாமே” என்றார் வீரையன்.

பூவம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. “தலை ஆடிக்கு வந்திருக்கிற பொண்ணு. கல்யாண மாலையைக் கொண்டுபோய் வாய்க்கால்ல விடுவாங்களா? அது மதகுல சிக்கி நாறிக் கெடக்கவா? என் மாலை பெரிய ஆத்துலதான் போச்சு. எங்க அம்மா மாலையும் அப்படித்தான்.”

அந்த வருஷம் ஊரில் புதிதாகக் கல்யாணமான பெண் அவர்கள் மகள் அனுராதா ஒருத்திதான். தை மாதம் பேராவூரணியில் ஒரு தென்னந்தோப்பு வீட்டுக்கு வாக்கப்பட்டவள். மாப்பிள்ளை சிங்கப்பூருக்குத் திரும்பிப் போயிருந்தார். ஆனாலும் முறை முறைதான் என்று ஆடிக்கு அழைத்து வந்திருந்தார்கள். பதினெட்டாம் பெருக்கு அன்று புதுப்பெண் முதலில் தண்ணீரில் இறங்கி மாலையை விட வேண்டும். அதன் பிறகுதான் மற்றப் பெண்கள் இறங்குவார்கள். நாணல்படுகையில் அது மாறினதே இல்லை.

அதனால் ஊர் கூடி ஒரு ஜேசிபியைக் கொண்டுவந்தது. அது கரையில் நின்றபடியே கையை வேலிக்கு மேலே நீட்டிக் கூண்டுக்குள்ளிருந்த மணலை அள்ளி வெளியே கொட்டியது. மறுநாளே ஊற்றுச் சுரந்து இடுப்பு ஆழத்துக்கு, நடுவில் நெஞ்சு ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. சுற்றுவட்டாரக் கொள்ளிடத்தில் அவ்வளவு ஆழமான தண்ணீர் அப்போது அங்கே மட்டும்தான் இருந்தது. அதை யாரும் அப்படி யோசித்துப் பார்க்கவில்லை.

தோண்டியதில் தூண்களின் கால் லேசாயிற்று. வேலி வெளிப்பக்கம் சாய ஆரம்பித்தது. ரெத்தினம் வீரையனைத் தேடி வந்தான்.

“அண்ணே, வெளியிலேருந்து முட்டுக் கொடுக்கணும். நாலு இரும்பு ஆங்கிளைச் சாச்சு வச்சு வெல்ட் அடிச்சுடவா?”

வீரையன் போய்ப் பார்த்தார். தூணைப் பிடித்து ஆட்டினார். “மணல்ல ஆங்கிள் நிக்காதுடா. கரை போட்டுடலாம்.”

அதுதான் அவருக்குத் தெரிந்த வேலை. மறுநாள் காலையில் பத்துப் பேர் சேர்ந்து உரச்சாக்குகளில் மணலை நிரப்பித் தைத்தார்கள். ஜேசிபி கொட்டிவைத்த மணல் பக்கத்திலேயே இருந்தது. வேலியின் வெளிப்பக்கம் மூன்று புறமும் வீரையன் அடுக்கினார். அடியில் அகலமாக, ஒவ்வொரு வரிசையையும் பாதி மூட்டை உள்ளே தள்ளி, மேலே போகப் போகக் குறுக்கி, வெள்ளக் காலத்தில் எப்படிச் செய்வாரோ அப்படியே.

பக்கிரி கரைமேல் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தான்.

“மச்சான், அது முதலைக்குப் போட்ட வேலி. நீங்க வெள்ளத்துக்குப் போடுற மாதிரி போடுறீங்க.”

“ரெண்டும் ஆத்துலேருந்துதானே மாப்ள வருது?”

“அதுவும் சரிதான். எருமை கழுவுறப்ப என் கால்ல ரெண்டு மூட்டையைக் கட்டி வுட்டிருக்கலாம்.”

“வாயில ஒண்ணு கட்டியிருந்தா ஊருக்கு நல்லது” என்றான் ரெத்தினம். எல்லோரும் சிரித்தார்கள்.

வெயில் தாழ வேலை முடிந்தது. வெளியிலிருந்து பார்த்தால் வேலியே தெரியவில்லை. ஒரு சின்னக் கரைதான் தெரிந்தது. அதன் உச்சி, வேலியின் தலைக்கம்பிக்கு ஒரு சாண் கீழே இருந்தது. ரெத்தினம் செருப்பைக்கூடக் கழற்றாமல், கையை எங்கும் ஊன்றாமல் மேலே நடந்துபோய் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டான்.

“அம்சமா இருக்குண்ணே.”

வீரையனும் கொஞ்சநேரம் நின்று பார்த்தார். சாய்ந்த தூண்கள் நிமிர்ந்திருந்தன. தட்டிப் பார்த்தார். அசையவில்லை.

வீட்டுக்குத் திரும்ப அவர் மணல் வழியாக நடந்தார். மேற்கே, ஆற்றின் நடுவே, பழைய மடு ஒன்று வற்றிச் சேறாகிக்கொண்டிருந்தது. வெள்ளைக் கொக்குகள் அதைச் சுற்றி நின்று சாகிற மீன்களைக் கொத்திக்கொண்டிருந்தன. அந்தப் பக்கத்திலிருந்து மணலில் ஒரு தடம் வந்திருந்தது. கயிற்றை இழுத்துப்போனது போல மெல்லிய கோடு, வளைந்து வளைந்து. இரண்டு பக்கமும் குழி குழியாகப் பதிவுகள். கொஞ்சதூரம் வந்து, நாணல் புதரை ஒருமுறை சுற்றி, மறுபடி மடுவின் பக்கமே திரும்பியிருந்தது.

வீரையன் குனிந்து பார்த்தார். முதலைத் தடம் அவருக்குத் தெரியும். கரையிலிருந்து தண்ணீருக்குள் சறுக்கின இடத்தில், நெல் மூட்டையை இழுத்த மாதிரி, வயிறு தேய்ந்து அகலமாக வழுவழுப்பாக இருக்கும். இதில் வயிறு பட்ட அடையாளமே இல்லை. யாரோ தென்னை மட்டையை இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். நாய்கள் கூடவே ஓடியிருக்கும். அப்படித்தான் நினைத்தார். நினைத்த பிறகும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

சாப்பிடும்போது பக்கிரியிடம் சொன்னார்.

பக்கிரி கையிலிருந்த சோற்றுருண்டையை இலையில் வைத்தான். “வயிறு படாது மச்சான். அது எழுந்து நடக்கும். அன்னைக்கு என்னை வுட்டுட்டுக் கரையில ஏறினப்ப நான் பாத்தேன். நாலு காலையும் நிமித்திக்கிட்டு, வயிறு தரையில படாம, நாய் மாதிரி நடந்து போச்சு. வாலு நுனி மட்டும் கோடு போட்டுக்கிட்டே போச்சு.”

“நீ அன்னைக்கு இருந்த இருப்புக்கு, அது சைக்கிள்ல போச்சுன்னுகூடச் சொல்லியிருப்ப” என்றாள் பூவம்மாள்.

அனுராதா சிரித்தாள். பக்கிரியும் சிரித்துவிட்டான். வீரையன் சிரிக்கவில்லை. ஆனால் மேற்கொண்டு கேட்கவும் இல்லை.

பெருக்குக்கு முதல் நாள் மாலை அனுராதா கூடத்து ஆணியிலிருந்து கல்யாண மாலையை இறக்கினாள். ரோஜா எல்லாம் கறுத்துச் சுருண்டிருந்தது. சரிகை மட்டும் மினுங்கியது. தொட்டால் பொடி உதிர்ந்தது. அதைத் தட்டில் வைத்து, பக்கத்தில் காதோலை, கருகமணி, மஞ்சள் கயிறு எல்லாம் எடுத்துவைத்தாள். பூவம்மாள் காப்பரிசிக்கு வெல்லம் உடைத்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, முதலை வந்துச்சுன்னா இந்த மாலையை அது கழுத்துல போட்டுட்டு வந்துடுறேன். மாப்பிள்ளை கெடைச்ச சந்தோஷத்துல சும்மா வுட்டுடும்.”

“நாக்குல சூடு வைக்கணும் உனக்கு” என்று பூவம்மாள் சீறினாள். “நல்ல நாள் அதுவுமா என்ன பேச்சு?”

“நான் இறங்குற எடம் அப்பா கட்டின கரைம்மா. எனக்கென்ன பயம்?”

வீரையன் வாசலில் நின்றிருந்தார். அந்தத் தடத்தைப் பற்றி இப்போது சொல்லிவிடலாம். பஞ்சாயத்துத் தலைவரிடம் போய், நாளைக்குப் படித்துறை வேண்டாம், எல்லோரும் குழாயடியில் கும்பிட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லலாம். எதனால் என்று கேட்பார்கள். மட்டை இழுத்த கோடு ஒன்றைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். வீரையன் தன் கரையையே நம்பவில்லை என்று ஊர் பேசும். கிழக்குத் தெருவில் ஏற்கெனவே ஒலிபெருக்கி கட்டிவிட்டார்கள்.

“என் பொறுப்பு” என்றார், யாரும் கேட்காமலேயே.

மறுநாள் காலை வெயில் ஏறிய பிறகு பெண்கள் தாம்பாளங்களோடு கிளம்பினார்கள். ஒலிபெருக்கியில் நாதஸ்வரம். அனுராதா கல்யாணப் புடவையில் முன்னால் நடந்தாள். ஆண்கள் கரைமேல் நின்றுகொண்டார்கள். படித்துறைப் பக்கம் ஆண்கள் போவதில்லை. ரெத்தினம் கேட்டின் கொண்டியை எடுத்துத் திறந்துவிட்டு விலகினான்.

“டீக்கடை நாயைக் காணோம்” என்றான், பொதுவாக. “கேட்டு வாசல்லதான் எப்பவும் படுத்துக் கெடக்கும்.”

வீரையன் அதைக் கேட்டுக்கொண்டே கரையிலிருந்து மணலில் இறங்கினார். பெண்கள் உள்ளே இருக்கும்போது வெளிச்சரிவை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடலாம் என்று கிளம்பியவர்தான். மேற்குப் பக்கத்து மூலையை அடைந்தபோது ஒரு மூட்டையிலிருந்து மணல் கசிவதைப் பார்த்தார். சாக்கு கிழிந்திருந்தது. மூன்று கீறல், பக்கத்துப் பக்கத்தில், அரிவாள்மணையில் இழுத்த மாதிரி. மணல் மூன்று நூலாக இறங்கிக்கொண்டிருந்தது.

அதற்கு மேல் வரிசையில், ஒரு முழம் தள்ளி, இன்னொரு மூட்டையில் மூன்று கீறல். அதற்கு மேல் மறுபடி இந்தப் பக்கம். இடமும் வலமுமாக, படி ஏறுகிறவன் கால் மாற்றி வைப்பது போல, மேல் வரிசை வரைக்கும். உச்சி மூட்டை நடுவில் அமுங்கிக் குழிந்திருந்தது, கனமான எதுவோ அங்கே சற்றுநேரம் இளைப்பாறியது போல. அதற்கு நேரே தலைக்கம்பி உள்பக்கமாக வளைந்திருந்தது. கம்பியில் காய்ந்த சேறு ஒட்டியிருந்தது.

அவர் திரும்பி மணலைப் பார்த்தார். மடுவின் பக்கத்திலிருந்து அந்தக் கயிற்றுக் கோடு நேராக வந்து சரிவின் அடியில் முடிந்திருந்தது. இன்றைக்கு வளைவே இல்லை. வரும்போதே இடம் தெரிந்து வந்த மாதிரி இருந்தது.

அவர் மூன்று பக்கமும் சுற்றினார். ஓடவில்லை. ஓடினால் கண் தப்பிவிடும் என்று பயந்தார். திரும்பிப் போன தடம் எங்கேயாவது இருக்கும் என்று தேடினார். காற்று அலைத்த மணல், கொக்குக் கால்கள், அவருடைய காலடிகள். வேறொன்றும் இல்லை. வந்த தடம் உண்டு, போன தடம் இல்லை.

மூட்டைகள் மேல் ஏறினார். எவ்வளவு சுலபமாக ஏற முடிந்தது என்பது அப்போது காலில் தெரிந்தது.

உள்ளே படிகள் முழுக்கப் பெண்கள். கீழ்ப்படியில் மணலால் பிள்ளையார் பிடித்து வைத்திருந்தார்கள். பூவம்மாள் தாம்பாளத்தோடு உட்கார்ந்திருந்தாள். அனுராதா மட்டும் தண்ணீரில், இடுப்பளவு ஆழத்தில், கைகூப்பி நின்றாள். மாலையை விட்டுவிட்டாள். அது அவளிடமிருந்து விலகி நடு ஆழத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

அந்தக் கூண்டுக்குள் ஓட்டம் கிடையாது. ஊற்றுத் தண்ணீர். ஒரு பூ விழுந்தால் விழுந்த இடத்திலேயே கிடக்கும். வீரையன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாலை நகர்ந்தது. மெதுவாக, அலை எழுப்பாமல், வந்த வழியே அனுராதாவை நோக்கித் திரும்பியது.

கத்தக் கூடாது. கத்தினால் பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுவார்கள். பாசிப் படி. அனுராதா பதறித் தண்ணீரை அடிப்பாள். எருமையைத் தேய்த்துத் தண்ணீரைக் கலக்கிய பிறகுதான் அது தன்னைத் தேடி வந்தது என்று பக்கிரி நூறு முறை சொல்லியிருக்கிறான்.

“அனு” என்றார். சாப்பிடக் கூப்பிடுகிற குரலில்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “என்னப்பா, அங்கேருந்து எட்டிப் பாக்குறீங்க? பொம்பளைங்க இருக்கிற எடத்துல?”

படியில் சிரிப்பு எழுந்தது. “மகளைப் பாக்காம இருக்க முடியலையாம்டி” என்றாள் ஒருத்தி.

“மேல வாம்மா. மஞ்சக் கயிறு வீட்டுலயே நின்னுபோச்சாம்.”

“அதெல்லாம் அம்மாகிட்ட இருக்குப்பா.”

பூவம்மாள் தாம்பாளத்திலிருந்து கயிற்றை எடுத்துத் தூக்கிக் காட்டினாள். “இதோ இருக்கே. யார் சொன்னா உங்களுக்கு?” என்று ஆரம்பித்தவள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். கரை உடையப்போகிற நேரத்தில் அவருக்கு ஒரு முகம் உண்டு. கோபமும் இருக்காது, பயமும் இருக்காது. எல்லாம் வடிந்துபோய் மரப்பலகை மாதிரி இருக்கும். அதை வீட்டில் அவள் ஒருத்திதான் கிட்டத்தில் பார்த்திருக்கிறாள்.

கயிற்றைக் கீழே வைத்தாள். கையை நீட்டினாள். “அப்பா கூப்பிட்டா வா அனு. என் கையைப் பிடிச்சுக்க.”

“இன்னும் தலை முழுகவே இல்லைம்மா.”

“வான்னு சொல்றேன்ல.”

அனுராதா முணுமுணுத்துக்கொண்டே திரும்பினாள். ஒரு படி ஏறினாள். நனைந்த புடவை காலைத் தடுக்கியது. அதைத் திரட்டிப் பிடிக்க நின்றாள். வீரையன் கம்பியைப் பிடித்திருந்த கையில் ரத்தம் கட்டியது தெரியாமல் நின்றார். அவள் அடுத்த படி ஏறினாள். அடுத்தது. மாலை, அவள் நின்றிருந்த இடத்துக்கு வந்து நின்றது.

பிறகு அது உயர்ந்தது. கறுத்த ரோஜாக்களுக்கு நடுவே இரண்டு குமிழ்கள், அவற்றுக்கு முன்னால் ஒரு முழம் தள்ளி இன்னொரு மேடு. சரிகை ஒரு கண்ணின் மேல் தொங்கியது.

முதலில் பார்த்தவளின் சத்தம் ஒலிபெருக்கிக்கு மேல் கேட்டது. தாம்பாளங்கள் படிகளில் உருண்டன. ஒருத்தியின் முழங்கால் பெயர்ந்தது. இன்னொருத்தியை முடியைப் பிடித்துத்தான் தூக்கினார்கள். ஆனால் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். கடைசி ஆள் வந்ததும் ரெத்தினம் கேட்டை அறைந்து சாத்திக் கொண்டியைப் போட்டான்.

வீரையன் கரையைச் சுற்றி ஓடிவந்து மகளின் மணிக்கட்டைப் பிடித்தார். விடவில்லை. அவள் நடுங்கிக்கொண்டே சிரித்தாள். “சொன்னேன்லப்பா, மாலையைப் போட்டுட்டேன்.”

கொஞ்சநேரத்தில் பயம் திருவிழாவாக மாறிவிட்டது. மாட்டிக்கொண்டது, கூண்டுக்குள் தானே வந்து மாட்டிக்கொண்டது என்று பேசிக்கொண்டார்கள். வனத்துறைக்குப் போன் போட்டார்கள். வலை கொண்டுவருவதாகச் சொன்னார்கள். ஆண்களும் பெண்களும் படித்துறைக்கு இரண்டு பக்கமும் கரைச்சரிவில் வரிசையாக நின்று செல்போனை உயர்த்திப் பிடித்தார்கள். ரெத்தினம் தன் கேட்டைத் தட்டிக்கொடுத்தான்.

பக்கிரி நொண்டிக்கொண்டு வீரையன் பக்கத்தில் வந்தான். இன்று அவன் குரலில் விளையாட்டு இல்லை.

“உள்ள போன வழி தெரியுது மச்சான். வெளிய வர்ற வழி?”

“உள்பக்கம் மூட்டை கெடையாது. செங்குத்தா இருக்கு. ஏற முடியாது.”

“படி இருக்கே.”

“கேட்டு இருக்கு.”

பக்கிரி கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அது தண்ணீரைவிட்டு வெளியே வந்தது. ஏழடி இருக்கும். கீழ்ப்படியில் ஊர்ந்துதான் ஏறியது. மணல் பிள்ளையார் அதன் வயிற்றின் கீழ் நசுங்கினார். இரண்டாம் படியில் அது நின்றது. நான்கு கால்களும் உடம்பின் கீழ் வந்தன. உடம்பு தரையைவிட்டு எழும்பியது. வயிற்றுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு ஆழாக்கு நிற்கிற அளவு இடைவெளி. அப்படியே நடந்து ஏறியது. முன்னங்கால் வைத்த படியில் பின்னங்கால், அந்தப் படியில் வால். மாலை இன்னும் கழுத்தில் சிக்கியிருந்தது. குளித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர் போல, அவசரமே இல்லாமல்.

கூட்டம் அடங்கிவிட்டது. யாரோ ஒலிபெருக்கியையும் நிறுத்தியிருந்தார்கள்.

கேட்டுக்கு முன் வந்து மூக்கை நீட்டிக் கம்பியைத் தொட்டது. பிறகு வலக் கையை, கை என்றுதான் சொல்ல வேண்டும், தூக்கி அடிக் குறுக்குக் கம்பியில் வைத்தது. விரல்கள் மடங்கின. இடக் கை அடுத்த கம்பியில். மூக்கு மேலே போயிற்று. தென்னை ஏறுகிறவன் காலைச் சேர்த்து இழுப்பதுபோல் பின்னங்கால்களை இழுத்து அடிக் கம்பியில் ஊன்றியது. வால் படியில் அழுந்தி உடம்பைத் தள்ளியது. கேட்டு அதிர்ந்தது. ரெத்தினம் தான் பற்றவைத்த கம்பி ஒவ்வொன்றையும் அது தேடிப் பிடிப்பதை வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஓடுங்க” என்று வீரையன் கத்தினார். இப்போது கத்தலாம்.

அதன் மார்பு கேட்டின் மேல் விளிம்பில் படிந்தது. ஒரு கணம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆடியது. பிறகு சாக்கு மூட்டை விழுகிற சத்தத்தோடு கரைச் சாலையில் விழுந்தது. மாலை கேட்டிலேயே சிக்கிக்கொண்டது.

ஜனம் சிதறியது. ஆற்றுப் பக்கத்துச் சரிவு முழுக்க ஓடுகிற கால்கள். ஆள் இல்லாத பக்கம் ஊர்ப் பக்கம் ஒன்றுதான். முதலை அந்தப் பக்கம் திரும்பியது. சாலையைக் கடந்தது. தார் ரோட்டில் நகங்கள் பட்ட சத்தம் வீரையனுக்குக் கேட்டது. கரையின் மறுசரிவில் இறங்கி, புல்லை விலக்கி, நிறைய ஓடிக்கொண்டிருந்த வாய்க்காலுக்குள் தலையைக் கொடுத்தது. தண்ணீர் மூடிக்கொண்டது. அந்த இடத்தில் ஒரு சுழிகூட நிற்கவில்லை.

வனத்துறை ஆட்கள் மதியம் வந்தார்கள். வாய்க்கால் எதுவரை போகிறது என்று கேட்டார்கள். ஊரைச் சுற்றி, ஒவ்வொரு வீட்டுக் கொல்லையையும் தொட்டு, மதகுக்கு மதகு பிரிந்து, நாற்றங்காலுக்கும் வயலுக்கும் குளத்துக்கும் போகிறது என்று சொன்னார்கள். அவர்கள் வலையை வண்டியிலிருந்து இறக்கவே இல்லை.

“எங்க வேணும்னாலும் இருக்கலாங்க. பிடிக்கிற வரைக்கும் யாரும் தண்ணியில இறங்காதீங்க.”

தண்ணீரில் இறங்காமல் நாணல்படுகையில் செய்ய ஒரு வேலையும் இல்லை. நாற்றுப் பறிக்கிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

ரெத்தினம் தயங்கித் தயங்கி வந்தான். “அண்ணே, கொல்லைக் கரையில மூட்டை அடுக்கிடலாமான்னு கேக்குறாங்க.”

வீரையன் அவனைப் பார்த்தார். “போ” என்றார்.

வீட்டுக்குள் வந்தபோது கூடத்தில் அனுராதா இல்லை. கொல்லைக் கதவின் நாதாங்கி ஆடிக்கொண்டிருந்தது. அவர் எப்படி அந்த இடத்தைக் கடந்தார் என்று அவருக்கே தெரியாது. அவள் வாய்க்கால் ஓரத்துக் கல்லில் நின்று, சேறு பட்ட காலைக் கழுவக் குனிந்துகொண்டிருந்தாள். கையில் சொம்பு. அவர் அவளை இடுப்பில் வாரித் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். சொம்பு தண்ணீரில் விழுந்து போயிற்று.

“பையை எடுத்து வை. பேராவூரணிக்குக் கெளம்பு.”

“ஆடி இன்னும் முடியலையே” என்றாள் பூவம்மாள். “பாதியில அனுப்பிச்சா சம்பந்தி வீட்டுல என்ன நெனைப்பாங்க? மாலை வேற கேட்டுல தொங்குது. ஒரு முறையும் சரியா நடக்கல.”

“அங்க போர் தண்ணி. தோப்பு. பக்கத்துல ஆறு கெடையாது” என்றார் வீரையன். பூவம்மாள் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு மகளின் துணிகளை மடிக்கப் போனாள்.

பஸ் நிற்கிற இடத்துக்குக் கரைமேல்தான் போக வேண்டும். இடப்பக்கம் கொள்ளிடம், வெறும் மணல். வலப்பக்கம் வாய்க்கால், கரை நிறையத் தண்ணீர். வாழ்நாள் முழுக்க வீரையன் இந்தக் கரையில் நடந்திருக்கிறார். ஆபத்து இடப்பக்கத்திலிருந்து வரும், ஊர் வலப்பக்கம் இருக்கும். ஆள் நடுவில் நிற்க வேண்டும். அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான்.

அனுராதா நடுவில் நடந்தாள். அவர் அவளுக்கு வலப்பக்கம், வாய்க்காலை ஒட்டி நடந்தார். நாலடி போனதும் மணலில் என்னவோ கோடு மாதிரித் தெரிந்தது. இடப்பக்கம் மாறினார். பின்னால் வாய்க்காலில் தவளை குதித்தது. மறுபடி வலப்பக்கம் வந்தார்.

“என்னப்பா” என்றாள் அனுராதா. “குடிச்சவன் மாதிரி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமா நடக்கிறீங்க?”

அவர் பையைக் கை மாற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்தார். பஸ் நிற்கிற இடம் இன்னும் தூரத்தில் இருந்தது.